தோலாடையும் அதனைக் கண்ட கண்களும்: சாமுவேல் டானியெலின் ஓவியங்களை முன்வைத்து ஒரு நோக்கு

சாமுவேல் டானியெல் என்னும் ஆங்கில ஓவியரின் பெயர் இலங்கையில் முற்றிலும் அறியப்படாததன்று. இத்தீவின் இயற்கைக் காட்சிகளையும் விலங்குகளையும் சுதேச மக்களையும் சித்திரித்து 1808 இல் அவர் வெளியிட்ட படத்தொகுதி, பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்ககால இலங்கையைக் காட்டும் ஆவணமாக இன்றும் போற்றப்படுகின்றது. மெயிற்லண்ட் ஆளுநராயிருந்த காலத்திற் காடுகளுக்குப் பொறுப்பான பதவியொன்றினை வகித்த அவர், 1811 இல் இத்தீவிலேயே இறந்தார். ஆயின் அவரது கை இலங்கைக்கு வருமுன்னரே வேறொரு நிலத்திற் பழகிய கையாகும். 1799 இல் நன்னம்பிக்கை முனையை அடைந்த அவர், 1801 ஒக்ரோபரிற் புறப்பட்ட ற்றூற்றர் - சொமர்வில் பயணக்குழுவின் செயலாளராகவும் ஓவியராகவும் அமர்ந்து, ஒறேஞ்சு ஆற்றைக் கடந்து, சுவானா இனத்தவரான பத்லாப்பிங் மக்களின் நகராகிய டித்தாக்கொங் வரை சென்றார். அப்பயணத்தின் நோக்கம் ஓவியமன்று. எல்லைப் போரினாற் கால்நடை குன்றிப்போயிருந்த குடியேற்றத்துக்கு மாடு வாங்குவதே அதன் நோக்கம். மாடு வாங்கச் சென்ற கூட்டத்தோடு சென்றவர் வரைந்தவையே 1804, 1805 ஆம் ஆண்டுகளில் முப்பது படத்தாள்களாக இலண்டனில் வெளிவந்தன.

அப்படங்களில் ஆபிரிக்க மனிதர் தோன்றுமிடங்களிற் பெரும்பாலும் அவர்தம் தோளில் ஒரு தோற்போர்வை கிடக்கின்றது. ஐரோப்பியர் அதனைக் 'கறோஸ்' என்றனர். அப்போர்வை அப்படங்களில் எவ்வாறு காணப்பட்டுள்ளது, எது காணப்படாது விடப்பட்டுள்ளது என்பதே இங்கு ஆராயப்படுவது. ஓர் ஆடையைப் பற்றிய சிறு கேள்வி போலத் தோன்றினும், பிறரால் வரையப்பட்ட ஒரு மக்கட்கூட்டம் தன்னுடைய படத்தை எவ்வாறு வாசித்தல் வேண்டும் என்னும் கேள்வி அதனுள் அடங்கியுள்ளது. அதே கையினால் வரையப்பட்ட நாட்டினருக்கு அது அயலார் கேள்வியுமன்று.

கறோஸ் என்னும் சொல்லே வழக்குக்குரியது. அது கொய்கொய் மொழிக்குரிய சொல்லெனக் கொள்வோர் ஒருசாரார். மார்புக்கவசத்தைக் குறிக்கும் போர்த்துக்கீச, ஒல்லாந்தச் சொற்களின் திரிபெனக் கொள்வோர் மற்றொரு சாரார். 1673 ஆம் ஆண்டுக்குரிய சொற்பட்டியலொன்று அதனைச் சிதைந்த ஒல்லாந்தச் சொல்லென்றே குறிக்கின்றது. ஒல்லாந்தர் முனையில் நிலைகொண்டது 1652 இல். ஏறத்தாழ இருபதாண்டுகளில் ஓர் ஆடையின் பெயர் எவருக்குரியது என்பதே தெளிவற்றுப்போயிற்று. அம்மக்கள் தம்முள்ளே வழங்கிய பெயர்கள் வேறு. சுவானா மொழியில் அது 'கொபோ'. கோசா மொழியில் 'இங்குபோ'. கொய்கொய் இடையர் மயிர் நீக்காத செம்மறியாட்டுத் தோலை அணிந்தனர். சான் வேட்டுவர்க்கு அது மான்தோல். கோசா மக்கள் மாட்டுத்தோலைக் கொழுப்பிட்டு மென்மையாக்கிச் செங்காவி பூசினர். சுவானா நாட்டில் நரி, காட்டுப்பூனை முதலிய சிறு விலங்குகளின் தோல்கள் பல சேர்த்து ஒட்டிட்டுத் தைக்கப்பட்டன. சிறுத்தைத்தோல் தலைவர்க்கும் பெருங்குடியினர்க்குமே உரியதாயிருந்தது. இவையனைத்தையும் ஒரே பெயரால் அழைத்தமை ஐரோப்பியரின் வசதி கருதியதாகும். பட்டு, பருத்தி, சாக்கு ஆகிய மூன்றையும் 'துணி' என்று சொல்லி அமைவதற்கு ஒப்பானது அது.

தமிழ் வாசகனுக்கு இவ்விடத்தில் வேறோர் இடர்ப்பாடும் உண்டு. தோலுடுத்த உருவம் என்றதும் அவன் நினைவில் எழுவது புலியதள் உடுத்த சிவன். அல்லது மான்தோல் மீதமர்ந்த முனிவன். தோலாடை நம் மரபிலே துறவின் அடையாளம், ஊரையும் உழைப்பையும் விட்டு நீங்கியவனின் உடை. கறோஸ் இதற்கு நேர்மாறானது. அது ஊருக்குள் நின்று உழைப்பாற் பிறந்து செல்வமாய்க் கைமாறிய பொருள். ஐரோப்பியர் அதனைக் காட்டின் உடை என்று கண்டமையும், நாம் அதனைத் தவத்தின் உடை என்று காண முற்படுவதும் வேறு வேறு பிழைகளாயினும், இரண்டிலும் மறைந்துபோவது ஒன்றே: அதனைச் செய்தவனின் கை.

அக்கையைச் சற்று நோக்குதல் தகும். சுவானா மக்களிடையே வேளாண்மையும் வீடுகட்டுதலும் பெரும்பாலும் பெண்களின் தொழில். தோல் பதனிடுதலும் தைத்தலும் ஆண்களின் தொழில். உரித்த தோலை முளையடித்து விரித்து, உட்புறத் தசையைச் சுரண்டி நீக்கி, கொழுப்புப் பூசிக் கையாற் கசக்கிப் பிசைந்து துணிபோல் இளகச் செய்தல் நாட்கணக்கிற் செல்லும் வேலை. இவ்வேலை பெரும்பாலும் 'கொட்லா' எனப்படும் ஊர்ப்பொது மன்றிலே நடைபெற்றது. வழக்குகள் பேசப்படுகையிலேயே தோல்களும் பிசையப்பட்டன. தைப்பதற்குக் காதுள்ள ஊசியில்லை. குத்தூசியால் துளையிட்டு, விலங்கின் முதுகுத் தசைநாரை முறுக்கிய நூலை அத்துளையிற் செலுத்துவர். தோல்களின் நிறமும் மயிரின் போக்கும் ஒன்றோடொன்று இசையப் பத்துக்கும் மேற்பட்ட தோல்கள் சேர்ந்த பின்னரே ஒரு போர்வை உருவாகும். ஆண் தைக்க, பெண் மண் வெட்டக் கண்ட மிசனரிமார் திகைத்தனர். பெண்களை அடிமைகளென்றும் ஆண்களைச் சோம்பேறிகளென்றும் எழுதினர். 1820 களிற் குறுமானில் நிலைகொண்ட றொபேட் மொபற் காலந்தொட்டு, பெண்களுக்கு ஐரோப்பியத் தையல் கற்பிப்பதும், தோலை விடுத்துப் பருத்தியை உடுத்தச் செய்வதும் மதமாற்றத்தின் இன்றியமையாத கூறுகளாயின. ஜீன் கொமறொவ், ஜோன் கொமறொவ் ஆகியோர் 1997 இல் வெளிவந்த தமது ஆய்வின் இரண்டாந் தொகுதியில் இதனை விரிவாகக் காட்டியுள்ளனர். கிறித்துவின் வருகையும் ஆலைத்துணியின் வருகையும் ஒரே வண்டியில் நிகழ்ந்தன என்று சொல்லின் மிகையாகாது. ஆயின் அதன் மறுபக்கமும் கூறப்படல் வேண்டும். தையல் பெண்ணின் தொழிலாக மாற்றப்பட்டபோது, ஆணின் கையிலிருந்த ஒரு நுண்கலை பெயரின்றி அழிந்தது. தொழிற்பிரிவினை மாறாத சமுதாயம் எதுவுமில்லை. இங்கு அம்மாற்றம் வெளியாரின் ஒழுக்க நெறியாற் கட்டளையிடப்பட்டது என்பதே கருதற்பாலது.

இதனாற் பழைய சுவானா சமுதாயத்தைச் சமத்துவத்தின் சொர்க்கமாகக் கற்பனை செய்தலும் பொருந்தாது. 1857 இல் வெளிவந்த டேவிட் லிவிங்ஸ்ரனின் பயணநூல் இதற்கு எதிர்பாராத சான்று தருகின்றது. தாம் பெச்சுவானா நாட்டில் இருந்த காலத்தில் இருபதினாயிரத்துக்கும் முப்பதினாயிரத்துக்கும் இடைப்பட்ட தோல்கள் கறோஸ்களாகத் தைக்கப்பட்டன என்றும், ஒரு பகுதி அம்மக்களால் உடுக்கப்பட, மறுபகுதி வணிகர்க்கு விற்கப்பட்டுச் சீனா வரையும் சென்றிருக்கக்கூடும் என்றும் அவர் எழுதுகின்றார். அவ்வணிகத்தின் சங்கிலியையும் அவர் விவரித்துள்ளார். பக்வேனா மக்கள் கிழக்கிலுள்ள இனத்தாரிடம் புகையிலை வாங்குவர். அதனைக் கொடுத்துக் களகாரிப் பாலைநிலத்தில் வாழும் பக்கலகாடி மக்களிடமிருந்து தோல் பெறுவர். அத்தோலைப் பதனிட்டுக் கறோஸ் தைப்பர். கறோஸைத் தெற்கே கொண்டுசென்று கிடாரிக் கன்று வாங்குவர். பசுவே அங்கு செல்வத்தின் உச்சநிலை. புகையிலையிலே தொடங்கிய பயணம் பசுவிலே முடிகின்றது. இடையிலே நிற்கும் பக்கலகாடி வேட்டுவனுக்குக் கிடைத்தது புகைந்து போகும் இலை மாத்திரமே. பக்கலகாடியரும் சான் மக்களும் சுவானாத் தலைவர்களுக்குக் கீழ்ப்பட்ட குடிகளாயிருந்தனர். தாம் கொன்ற விலங்கின் தோலைத் திறையாகக் கொடுக்கும் கடப்பாடும் அவர்களுக்கு இருந்தது. ஆகவே ஒரு தலைவனின் தோளில் நாம் காணும் நரித்தோற் கறோஸ் அவனுடைய பண்பாட்டின் அடையாளம் என்று மாத்திரம் சொல்லி நிறுத்துதல் அரைகுறை உண்மையாகும். பாலைநிலத்தில் எவனோ ஒருவன் வைத்த கண்ணியும் அதில் உண்டு.

சான் பெண்களின் கறோஸ் இதனின்றும் வேறானது. றிச்சர்ட் லீ 1979 இல் வெளியிட்ட தமது நூலில், அதனை ஆடையென்பதிலும் பார்க்கச் சுமைகாவும் கருவியென்றே நோக்குகின்றார். மான்தோலைத் தோளிற் போர்த்து, இடுப்பிலே நாண் கொண்டு கட்டும்போது முதுகுப்புறம் ஒரு பை உண்டாகின்றது. தோண்டிய கிழங்கும், பொறுக்கிய கொட்டையும், விறகும் அதனுள்ளே. பால்குடி மாறாத குழந்தையும் அதனுள்ளேதான். நான்கு வயதளவு வரையிற் பிள்ளையைத் தாய் சுமந்து திரிவது அவர்களிடையே வழக்கம். இரவில் அதுவே பாயும் போர்வையும். அம்மக்களின் உணவிற் பெரும்பகுதி பெண்கள் சேகரிக்கும் தாவர உணவே என்பது லீயின் ஆய்வினால் நிறுவப்பட்டது. வேட்டைக்காரனின் அம்பைப் பற்றி எழுதப்பட்ட பக்கங்களையும், அவ்வுணவை வீடு கொண்டுசேர்த்த இத்தோலைப் பற்றி எழுதப்பட்ட பக்கங்களையும் ஒப்பிட்டால் ஆய்வுலகின் கண் எங்கிருந்தது என்பது விளங்கும். அம்புக்கு அரும்பொருட்சாலையிற் கண்ணாடிப்பேழை கிடைத்தது. பைக்கு அத்துணை மதிப்புக் கிடைக்கவில்லை.

இனி டானியெலின் படங்களுக்குத் திரும்பலாம். அவரை இழித்துரைத்தல் எளிது, நியாயமன்று. அவர் வரைந்த மனிதர் கோரவுருவங்களல்லர். பிற்காலத்து ஐரோப்பிய அச்சுப்படங்களில் மலிந்த ஏளனம் அவரிடம் இல்லை. கொறா மக்கள் இடம்பெயர ஆயத்தமாகும் காட்சியில் ஓர் ஊரே எருதுகளின் முதுகில் ஏறப்போகும் அசைவை அவர் உண்மையுணர்வோடு காட்டியுள்ளார். டித்தாக்கொங் நகரின் படம், ஆபிரிக்காவின் உட்பகுதி வெறுங்காடு என எண்ணியிருந்த இலண்டன்வாசிக்கு ஒரு பெருநகரைக் காட்டிற்று. இவை சிறிய சாதனைகளல்ல.

எனினும் அவருடைய மனிதர் அடையும் கண்ணியம் எவ்வகையினது? அவர்கள் நிற்கும் நிலையிலும், தோளிலிருந்து போர்வை சரிந்து வீழும் மடிப்புகளிலும் கிரேக்கச் சிலையின் சாயல் தென்படுகின்றது. கறோஸ் அங்கு உரோமானியனின் மேலாடை செய்யும் வேலையையே செய்கின்றது. உடலை அழகுற வெளிப்படுத்துவதற்கான திரையாகின்றது. அதிலே தையலில்லை. பல தோல்கள் இணைந்த வரம்பில்லை. பிசைந்து பிசைந்து மெருகேறிய உட்புறமில்லை. அவரது பெயர்பெற்ற தாள்களில் மக்கள் ஆயுதம் தரிக்கின்றனர், வெட்டுக்கிளி வறுக்கின்றனர், இடம்பெயர்கின்றனர். இச்செயல்கள் அனைத்திலும் கறோஸ் முன்பே முடிந்துபோன ஒரு பொருளாகத் தோளிற் கிடக்கின்றது. விலங்குக்குத் தோல் எவ்வாறு இயல்போ, மனிதனுக்கு இப்போர்வையும் அவ்வாறே இயல்பு என்னும் எண்ணம் பார்ப்பவன் மனத்திற் சொல்லாமலே பதிகின்றது. தொகுதியின் பெயரில் ஆபிரிக்கக் காட்சிகளும் விலங்குகளும் உண்டு, மனிதர் இல்லை. அவர்கள் காட்சிக்குள் அடங்கிவிட்டனர். இலங்கைத் தொகுதியின் தலைப்பிற் சுதேசிகளுக்கு இடம் கிடைத்தது உண்மையே. ஆயின் அங்கும் அவர்கள் விலங்குகளுக்கு அடுத்ததாகவே வரிசைப்படுத்தப்பட்டனர். கண்டி இராச்சியம் இன்னும் வீழாதிருந்த காலத்திற் கரையோர ஆட்சியாளரின் கீழ்ப் பணிபுரிந்த ஒருவரின் பார்வை அது என்பதனை நினைவிற்கொண்டே நம் நாட்டுப் படங்களையும் பார்த்தல் நன்று.

ஓர் ஓவியனின் பார்வைக்குறை தாளோடு நின்றுவிடின் அதனை இவ்வளவு பேச வேண்டுவதில்லை. அது நின்றுவிடவில்லை. கேப்ரவுணிலுள்ள தென்னாபிரிக்க அரும்பொருட்சாலைக்காக ஜேம்ஸ் ட்றூரி என்பார் 1907 முதல் 1924 வரை சான் மக்களின் உடல்களிலிருந்து அச்செடுத்துச் சாந்துருவங்கள் வார்த்தார். அழிந்துவருவதாகக் கருதப்பட்ட 'தூய' இனவகையைப் பதிவுசெய்தல் அக்காலத்து விஞ்ஞானத்தின் நோக்கம். அச்செடுக்கப்பட்டோரிற் பலர் உண்மையில் வெள்ளையரின் பண்ணைகளிற் கூலிகளாய் உழைத்தவர்கள். ஐரோப்பிய உடைகளையே உடுத்தியிருந்தவர்கள். அவ்வுடை களையப்பட்டது. பின்னர், 1960 அளவில், அவ்வுருவங்கள் ஒரு பாலைநிலக் குடியிருப்புக் காட்சியில் ஒருங்கே நிறுத்தப்பட்டன. அக்காட்சிக்கு மாதிரியாக எடுத்துக்கொள்ளப்பட்டது சாமுவேல் டானியெலின் படம். ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் வரையப்பட்ட ஒரு தாள், இருபதாம் நூற்றாண்டில் உயிரோடிருந்த மனிதரின் உடல்வார்ப்புக்கு உடையும் இடமும் வகுத்தது. பண்ணைக்கூலியின் கிழிந்த காற்சட்டை வரலாறு பேசும். நிலம் எப்படிப் பறிபோயிற்று என்பதை அது சொல்லும். அதைக் களைந்துவிட்டால் எஞ்சுவது காலமற்ற வேட்டுவன். தோலும் தோலாடையும் இங்கு வரலாற்றை மறைக்கும் திரையாகப் பயன்பட்டன. பல தலைமுறைப் பள்ளி மாணவர் வரிசையாக நின்று பார்த்த அக்காட்சிகூடம், நீண்ட விவாதங்களின் பின் 2001 இல் மூடப்பட்டது.

மூடப்படுவதற்குப் பல ஆண்டுகள் முன்னரே, வேறொரு மண்டபத்தில், வேறொரு கறோஸ் இப்பார்வைக்கு மறுமொழி கூறியிருந்தது. 1962 ஒக்ரோபரிற் பிறிற்றோறியாவில், வேலைநிறுத்தத்துக்குத் தூண்டினார், கடவுச்சீட்டின்றி நாட்டைவிட்டுச் சென்றார் என்னும் குற்றச்சாட்டுகளுக்கு விடையளிக்க வந்த நெல்சன் மண்டேலா, கோற்றும் கழுத்துப்பட்டியும் விடுத்துச் சிறுத்தைத்தோற் கறோஸ் அணிந்து நீதிமன்றினுள் நுழைந்தார். வெள்ளையனின் நீதிமன்றுக்குள் நுழையும் கறுப்பு ஆபிரிக்கன் தான் என்பதை உணர்த்தவே அவ்வுடையைத் தெரிந்ததாகவும், தன் மக்களின் வரலாற்றைத் தோளிற் சுமப்பதாகத் தான் உணர்ந்ததாகவும் 1994 இல் வெளிவந்த தன்வரலாற்றில் அவர் எழுதியுள்ளார். சிறை அதிகாரிகள் அதனை ஒப்படைக்கக் கோரினர், அவர் மறுத்தார். ஈற்றில் மன்றினுள் அணியலாம், போகும் வரும் வழியில் அணியலாகாது என்று இணக்கம் ஏற்பட்டது. பிற கைதிகளின் கண்ணிற் படுதலே அதிகாரத்துக்கு அச்சம் தந்தது போலும். அவ்வாண்டு நவம்பர் 7 ஆம் திகதி அவருக்கு ஐந்தாண்டுச் சிறை விதிக்கப்பட்டது.

டானியெலின் படத்திலும் அரும்பொருட்சாலையிலும் பிறரால் உடுத்தப்பட்ட தோல், இங்கு தானே தெரிந்து உடுத்தப்படுகின்றது. இவ்வேறுபாடு மிகப் பெரிது. அதன் ஆற்றலைக் குறைத்து மதிப்பிடுதல் தகாது. ஆயினும் விமரிசனம் இவ்விடத்தில் மெய்சிலிர்த்து நின்றுவிடலாகாது. அன்று மன்றேறியது எந்தக் கறோஸ்? கிழங்கு சுமந்த சான் பெண்ணின் மான்தோலன்று; கொய்கொய் இடையனின் ஆட்டுத்தோலன்று; பெருங்குடியினர்க்குரிய சிறுத்தைத்தோல். மண்டேலா தெம்பு மக்களின் தலைவரொருவரின் மகன். அரசகுல அவையிலே வளர்ந்தவர். ஒரு தேசம் தன்னை அடையாளங் காட்ட முற்பட்ட வேளையில் அதன் தோளில் ஏறியது தலைவனின் ஆடையே. அதற்கு முந்திய ஆண்டில் வெளிவந்த தமது நூலில் பிரான்ஸ் பனன், வழக்காறு வேறு பண்பாடு வேறு என்றும், இறந்த காலத்திலிருந்து எடுத்த சின்னங்களில் மாத்திரம் தேசியப் பண்பாடு உறைவதில்லை என்றும் எச்சரித்திருந்தார். இவ்வெச்சரிக்கை மண்டேலாவின் செயலைத் தவறாக்காது. அன்று எதிரே நின்ற அதிகாரத்தின் முன் அதைவிடக் கூர்மையான மொழி அவருக்குக் கிடைத்திருக்குமா என்பது ஐயமே. ஆயின் அம்மொழியில் பக்கலகாடி வேட்டுவனுக்கும் சான் தாய்க்கும் எத்தனை சொற்கள் இருந்தன என்ற கேள்வி அதனால் அற்றுப்போவதில்லை. அவர்களின் வழித்தோன்றல்கள் இன்றும் நிலவுரிமைக்காக வழக்காடுவோராயிருக்கின்றனர்.

தோலுக்குள் இயற்கையாய் உறையும் பொருள் எதுவுமில்லை என்பதற்கு அண்மைக்காலச் செய்தியொன்று சான்றாகும். ஐசாயா செம்பே 1910 இல் நிறுவிய நாசரேத்துத் திருச்சபையின் ஆடவர் வழிபாட்டு நடனங்களிற் சிறுத்தைத்தோற் போர்வை அணிவர். ஒருகாலத்தில் அரசகுலத்தவருக்குரியதாயிருந்த தோலைச் சாதாரணத் தொழிலாளி அணியத் தொடங்கியபோது சிறுத்தைகள் அருகத் தலைப்பட்டன. 2010 களில் பந்தேரா என்னும் விலங்குக் காப்பு நிறுவனம் செயற்கை இழையில் அச்சிட்ட போர்வைகளை அவர்களுக்கு வழங்கிற்று. அணிந்தோர் பலர் அவற்றை ஏற்றுக்கொண்டனர், நடனம் நின்றுவிடவில்லை.

மண்டேலாவின் அவ்வழக்கைப் பற்றிய கட்டுரைகளோடு வழமையாக அச்சிடப்படும் ஒளிப்படம் ஒன்றுண்டு: கழுத்தில் அகன்ற மணிமாலை, ஒரு தோள் திறந்திருக்க மறுதோளில் ஒரு போர்வை. அது நீதிமன்றத்தில் எடுக்கப்பட்டதன்று. 1961 இல் அவர் பொலிசாருக்குத் தப்பி மறைந்து வாழ்ந்த நாட்களில் எலி வைன்பேர்க் எடுத்த படம் அது. அவர் தோளிற் கிடப்பது எவ்விலங்கின் தோலுமன்று. ஒரு படுக்கை விரிப்பு.